எந்த மரக்காலால் அளப்பது?

சரித்திர புருஷர்களை அவரவர் வாழ்ந்த காலத்தின் நிலையை ஒட்டியே மதிப்பிடுதல் வேண்டும் என்பது கற்றோர் எவரும் மறுத்துரையாத கொள்கை. காலதேச வர்த்தமானங்களை அறியாது தீர்ப்புக் கூறுதல் பேதைமை என்று நாம் வகுப்பறையிற் பன்முறை கேட்டிருக்கின்றோம், பிறர்க்கும் உபதேசித்திருக்கின்றோம். ஆயினும், யாவரும் தலையசைக்கும் கொள்கை ஒன்றைக் கண்டால் அதனை அங்ஙனமே விட்டுவிடுதல் தகாது. அஃது யார் பொருட்டு, எப்பொழுது, என்ன பயன் கருதிக் கையாளப்படுகின்றது என்று விசாரித்தல் வேண்டும். அவ்விசாரணையைத் தஞ்சையிலிருந்தே தொடங்குதல் நமக்கு எளிது. ஆராய்தற்குரிய கல்லும் செம்பும் காவிரி நாட்டில் வேண்டிய அளவு இருக்கின்றன.

நெல் விளையும் நாட்டில் வாழும் நமக்கு அளவையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இராஜராஜ சோழன் எடுப்பித்த பெரிய கோயிலின் சாசனங்களில், கோயிலுக்குரிய நெல் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கப்படும் என்றும், அம்மரக்கால் ‘இராஜகேசரி’ என்னும் மரக்காலோடு ஒத்தது என்றும் குறிக்கப்பெற்றுள்ளது. இறைவன் திருநாமத்தையே அளவைக்கு இட்டு வழங்கியமை, அளவு பிறழலாகாது என்னும் கருத்தைப் புலப்படுத்துகின்றது எனலாம். அதே நாட்டில், 900 ஆண்டுகளுக்கு மேற்சென்ற பின்னர், 1940-களில், பண்ணையாட்கள் தங்கள் கூலி நெல்லை முத்திரையிட்ட மரக்காலாலேயே அளத்தல் வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்துப் போராட நேர்ந்தது. வாங்குதற்கு ஒரு மரக்காலும் கொடுத்தற்கு ஒரு மரக்காலும் வைத்திருப்பவனை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பர் என்பது இந்நாட்டிற் சிறுவரும் அறிந்ததே.

சரித்திரத்தை அளக்கும்போதும் நம்மிற் பலர் இரண்டு மரக்கால் வைத்திருக்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து. முன்னோரின் புகழை அளக்குங்கால் இன்றைய மரக்காலை எடுக்கின்றனர். பழியை அளக்குங்கால் அன்றைய மரக்காலை எடுக்கின்றனர். இதற்கு மாறாக, பழியை மட்டும் இன்றைய மரக்காலால் அளந்துவிட்டுப் புகழை அளவாமலே களத்தில் விட்டுச் செல்வோரும் உளர். இரு சாராரும் ‘காலம்’ என்னும் சொல்லைத் தத்தமக்கு வேண்டியபோது எடுத்துக்கொண்டு, வேண்டாதபோது மறந்துவிடுகின்றனர்.

முதலாம் இராஜராஜன் கி.பி. 985 முதல் 1014 வரை அரசாண்டான். 1010ஆம் ஆண்டில் பெரிய கோயில் விமானத்தின் மீது செப்புக் கலசம் ஏறியது. தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தவற்றையும், தேவிமார் கொடுத்தவற்றையும், ஏனையோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு அவன் கட்டளையிட்டான். அங்ஙனம் வெட்டியிருந்தும், பிற்காலத்தார் அவனை மறந்தனர். ஸ்தலபுராணக் கதைகள் கோயிலை வேறொரு சோழனுக்கு உரிமையாக்கின. 1886இல் சாசன ஆராய்ச்சியாளராக நியமனம் பெற்ற ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அச்சாசனங்களைப் படித்து வெளியிட்ட பின்னரே, எடுப்பித்தவன் இன்னான் என்பது ஐயமின்றித் துணியப்பட்டது. ஆகவே, இன்று நாம் நெஞ்சு நிமிர்ந்து பேசும் இராஜராஜன், நம் கொள்ளுப்பாட்டனார் காலத்திலேதான் நமக்குத் திரும்பக் கிடைத்தவன். அவன்மேல் நாம் கொண்டுள்ள பெருமிதம் பழையதன்று, புதியது. இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1972இல் அவனுக்குக் கோயிலின் புறத்தே சிலை நாட்டப்பட்டது. 2010இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா அரசாங்கத்தால் சிறப்புறக் கொண்டாடப்பட்டது. ஐப்பசிச் சதய விழா அரசு விழாவாக நடைபெறும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கிடையே, 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கும்பகோணத்தை அடுத்த திருப்பனந்தாளில் நடந்த கூட்டமொன்றில், திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அவர்கள், இராஜராஜன் காலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இருண்ட காலம் என்னும் கருத்துப்படப் பேசினார். அதன் பொருட்டு அவர்மேல் போலீஸ் வழக்குப் பதிவாயிற்று. 2022இல், அம்மன்னனை ஹிந்து என்று சொல்லலாமா ஆகாதா என்று மற்றொரு சர்ச்சை மூண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவனைப்பற்றி இத்துணைக் கொதிப்பு எழுமாயின், கொதிப்பு அவனைப்பற்றியதன்று, நம்மைப்பற்றியது என்பது வெளிப்படை. அதனாலேயே நம் அளவையைச் சரிபார்த்துக்கொள்ளுதல் அவசியமாகின்றது.

காலத்தோடு பொருத்திப் பார்த்தலால் உண்மை துலங்கும் இடங்கள் உண்டு என்பதை முதற்கண் ஒப்புக்கொள்வோம். பெரிய கோயிற் சாசனமொன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணர்ந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குறிக்கின்றது. ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் வந்த கோயிலும், அவள் குடியிருந்த தெருவின் சிறகும், வீட்டின் வரிசையும் அதிற் காணப்படுகின்றன. ஒருத்திக்குப் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவள் இறந்தாலும் வெளியூர் சென்றாலும் அவளைச் சார்ந்த உறவினருள் தகுதியுடையார் அப்பணியையும் பங்கையும் பெறுவர். இதனைப் படித்த சிலர், 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட தேவதாசி வழக்கத்தின் இழிவுகள் அனைத்தையும் அந்த 400 பெயர்களின்மேல் ஏற்றிவிடுகின்றனர். சோழர் காலத்துச் சாசனங்களில் கோயிற் பெண்கள் பலர் தம் பொருளைத் தாமே தானம் செய்தவர்களாகக் காணப்படுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் துயரத்தைக் கொண்டு பதினோராம் நூற்றாண்டை அளத்தல் பிழையான அளவே. எனினும், அப்பெண்களை வரவழைத்தபொழுது அவர்தம் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதைக் கல் சொல்லவில்லை. கலையை வளர்த்தான் என்று நாம் எழுதும்போது, அந்தச் சொல்லாமையையும் உடன் எழுதுதல் நேர்மை.

இனி மற்றோரிடம். அதே கோயிலுக்கு வரி செலுத்த விதிக்கப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கைக் கூறும் சாசனங்களில், வரி நீங்கிய நிலங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணசேரியும் அவ்வரிசையில் வருகின்றன. தீண்டாச்சேரி என்னும் பெயரும் காணப்படுகின்றது. சில ஊர்களில் வெள்ளாளர்க்கு ஒரு சுடுகாடும் பறையர்க்கு ஒரு சுடுகாடும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. இச்சொற்கள் பிற்காலத்தே பெற்ற கொடுமை முழுவதையும் அக்காலத்திலேயே ஏற்றிப் படித்தல் ஆராய்ச்சி ஆகாது. ஆனால், ஒன்றுமே இல்லை என்று துடைத்துவிடுதலும் ஆராய்ச்சி ஆகாது. சேரி வேறாய் இருந்தது. சுடலையும் வேறாய் இருந்தது. வேலியின் மிகச் சிறு பின்னம் வரை நிலத்தை அளந்த கணக்கர் அவ்வேற்றுமையையும் தவறாது எழுதிவைத்தனர். இராஜராஜன் அதனை உண்டாக்கினான் என்பதற்குச் சான்றில்லை. அவன் ஆட்சி அதனைக் கணக்கில் ஏற்றி, அதன்மேலே நடந்தது என்பதற்குச் சான்று உண்டு. ‘உண்டாக்கினான்’ என்போரும் ‘அறியான்’ என்போரும் ஒருங்கே கல்லைவிட்டு விலகிச் செல்கின்றனர்.

புகழை அளப்பதிலும் இத்தகைய நிதானம் வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றிற் கூறப்பட்டுள்ளது. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் விலக்கப்பட்டனர் என்று படிக்கும்போது, இக்காலத்து நகரசபைகளை நினைந்து நாம் பெருமூச்செறிகின்றோம். அதனை உலகத்தின் ஆதி ஜனநாயகம் என்றும் மேடைகளில் முழங்குகின்றோம். ஆனால் அஃது ஒரு பிராமண ஊரின் சபை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டியவராய், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதினராய், வேதக் கல்வி உடையவராய் இருப்போர்க்கே பொதுவிதியாகக் குடத்தில் ஓலை இடப்பட்டது. குறைந்த நிலமுடையாரைச் சேர்த்துக்கொள்ளவும் வேதத்தோடு பாஷியக் கல்வியும் கேட்கப்பட்டது. அவ்வயல்களை உழுதவர்க்கு ஓலை இல்லை. நேர்மையான பொறுப்பாட்சிக்கு அஃது ஒரு வியத்தகு சான்று என்றால் உண்மை. இன்றைய பொருளில் ஜனநாயகம் என்றால் மிகை. ‘ஜனநாயகம்’ என்னும் இன்றைய சொல்லால் முன்னோரைப் புகழ்வோமாயின், ‘அப்படியானால் உழுதவன் பெயர் எங்கே?’ என்று இன்றைய கேள்வியைப் பிறர் கேட்கும்போது, ‘காலம் அப்படி’ என்று விலகிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. புகழுக்கு எடுத்த மரக்காலையே பழிக்கும் எடுத்தல் முறை.

‘காலம் அப்படி’ என்னும் விடையை இன்னும் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். ஒரு காலத்தார் அனைவரும் ஒரே மனத்தினர் என்று அவ்விடை கருதுகின்றது. அஃது உண்மையா?

போரை எடுத்துக்கொள்வோம். சோழர் படை ஈழத்தில் அனுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை அவர்க்குத் தலைநகராயிற்று. ஈழத்து ஊர்களும் தஞ்சைக் கோயிலுக்கு நெல்லும் காசும் செலுத்தக் கட்டளையிடப்பட்டன. சேரனையும் பாண்டியனையும் வென்று கொணர்ந்த செல்வம் திருவாபரணங்களாகவும் பாத்திரங்களாகவும் மாறியதைக் கோயிற் சாசனங்களே கூறுகின்றன. அக்காலத்து அரசர்க்குப் போர் தருமம் என்பர். ஆம்; ஆனால் அக்காலத்தே வேறு குரலும் இருந்தது. கருநாடகத்து ஹொட்டூரில் உள்ள 1007ஆம் ஆண்டுச் சாளுக்கிய சாசனம், சோழர் படை நாட்டைக் கொள்ளையிட்டுப் பெண்டிரையும் சிறாரையும் அந்தணரையும் கொன்றது என்று குற்றஞ்சாட்டுகின்றது. பகைவன் கூற்று ஆதலின் மிகை இருத்தல் கூடும். படையின் தொகையை ஒன்பது நூறாயிரம் என்று அது கூறுவதே மிகையைக் காட்டும். எனினும் அப்பகைவன் எவற்றைப் பழியாகச் சொன்னான் என்பதை நோக்குக. பெண்டிரைக் கொல்லுதலும் குழந்தைகளைக் கொல்லுதலும் பழி என்று படிப்போர் யாவரும் ஒப்புவர் என்னும் துணிவினாலன்றோ அவன் அதனைக் கல்லில் வெட்டினான்? நம் புறநானூற்றிலும், போர் தொடங்குமுன் ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் காப்பான இடம் சேர அறிவித்தல் அறநெறி எனப் பேசப்படுகின்றது. ஆகவே, அவ்வறம் நாம் இன்று கண்டுபிடித்து அவர்கள்மேல் சுமத்துவதன்று. அவர்களுக்கு முன்னரே தமிழில் இருந்தது. அவன் காலத்து மரக்காலாலேயே அளந்தாலும் இங்கே குறை தோன்றுகின்றது.

அதே அரசன், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான் என்பது லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற செப்பேட்டால் விளங்கும். ஈழத்தில் அவன் படை செய்ததும், நாகையில் பௌத்தப் பள்ளிக்கு அவன் செய்ததும் ஒருவனுடைய செயல்களே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவன் சரித்திரம் எழுதுகிறவன் அல்லன், வக்காலத்து வாங்கியவன்.

சாதி விஷயத்திலும் காலம் ஒரே குரலாய் இருந்ததில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார், ஆதனூரில் புலையர் குடியிற் பிறந்த நந்தனாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துப் பாடினார். அந்நந்தனார் நெருப்பில் மூழ்கி முனிவர் வடிவம் பெற்ற பின்னரே தில்லைக் கோயிலுள் புகுகின்றார். தம் காலத்து வேலியைச் சேக்கிழார் முற்றும் தாண்டவில்லை. ஆனால் வேலிக்கப்பால் இருந்தவரை அடியார் என்று வணங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தக் காவிரி நாட்டிலேயே வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையை எடுத்துக்கொண்டபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரைப் புகுத்தினார். அடிமைக்கு விடை கொடுக்க மறுக்கும் பண்ணை வேதியர் அவர். 1861இல் அந்நூல் அச்சேறியது. கோயில் வாயிலில் நின்ற தடையைச் சேக்கிழார் காட்டினார். வயல் வரப்பில் நின்ற தடையைப் பாரதியார் காட்டினார். இருவரும் தத்தம் காலத்து மனிதரே. ஒரு காலம் தன்னைத் தானே கண்டித்துக்கொள்ளும் ஆற்றல் உடையது என்பதற்கு இவர்கள் சாட்சி.

காரணம் கூறுதல் வேறு. குற்றம் நீக்குதல் வேறு. இதற்குத் திருப்பாம்புரத்துச் சாசனம் நல்ல உதாரணம். மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், 1201ஆம் ஆண்டில், பஞ்சத்தால் நெல்விலை பொறுக்க முடியாதபடி ஏறவே, வெள்ளாளன் ஒருவன் தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டான். பஞ்சம் என்னும் காரணத்தை அறிந்தால், அத்தந்தையை நாம் பழியோம். அவன் வேறு வழியற்றவன். ஆனால், பண்டாரத்தில் நெல்லும் காசும் வைத்திருந்தோர்க்கு வேறு வழி இருந்ததா இல்லையா என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. காலத்தின் நெருக்கடி எல்லார்மேலும் ஒரே பாரமாக விழுவதில்லை. வழியுடையவனுக்கும் வழியற்றவனுக்கும் ஒரே மன்னிப்பை அளந்து கொடுத்தல் நீதியாகாது.

அரசர்களையே சொல்லி, நம்மைப் போன்ற சபைகளையும் கல்விச் சாலைகளையும் விட்டுவிடுதல் நியாயமன்று. தஞ்சைச் சபையின் சரித்திரத்திலேயே இவ்விஷயம் கூர்மையாக எழுந்தது. 1774இல் திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்குக் கொணரப்பட்டுக் கல்வி பெற்றவர். சரபோஜி மன்னரோடு நட்புப் பூண்டவர். பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களால் தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் நிலைபெற்றவர். 1829ஆம் ஆண்டையொட்டி, கோயிலில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்காருதல் வேண்டும் என்று புதிய மிஷனெரிமார் வற்புறுத்தியபோது, சாஸ்திரியார் அதனை எதிர்த்தார். அதே எதிர்ப்பில், தமிழ்ச் சங்கீதத்தையும் மலரணியும் வழக்கத்தையும் அவர்கள் விலக்க முற்பட்டதையும் கண்டித்தார். தம் உத்தியோகத்தையும் இழந்தார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபையினுள் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் என்று கட்டளை விடுத்தார். தஞ்சையில் பலர் அதன் பொருட்டுச் சபையைவிட்டு நீங்கினர்.

இங்கே யாரை எங்ஙனம் அளப்பது? சாஸ்திரியாரைக் ‘காலத்தின் பிள்ளை’ என்று சொல்லி முழுதும் விடுவித்தல் இயலாது. ஏனெனில் அவர் காலத்திலேயே, அவர் சபையிலேயே, அவர் செவியிலேயே மறுகுரல் ஒலித்தது. சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர், கலந்து உட்காருதலைக் காலத்துக்கு ஒவ்வாத புதுமை என்று எண்ணியிருப்பரா? அவரைக் கேட்டு எழுதினார் இலர். ஆனால், தமிழ்ப் பாட்டும் மலரும் வேண்டும் என்று அவர் வழக்காடியது நியாயமே என்பதை இன்று தமிழ்க் கிறிஸ்தவர் யாவரும் தம் வழிபாட்டாலேயே ஒப்புகின்றனர். ஒரே மனிதர், ஒரே வழக்கில், ஒன்றில் நேர் நின்றார், மற்றொன்றிற் பிறழ்ந்தார்.

மிஷனெரிமார் பக்கமும் அளக்கப்படத்தக்கதே. பிஷப் வில்சன் கட்டளை விடுத்த அதே 1833இல், பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உலகம் புகழும் அச்சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளை விலக்கி வைத்தது. தஞ்சை வயல்களில் நிலத்தோடு விற்கவும் ஒற்றிவைக்கவும் பட்ட ஆட்களுக்கு அதனால் விடிவு வரவில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால்தான் கோர்ட்டுகள் அடிமையுரிமையை ஏற்றல் நின்றது. அப்போதும் வயலில் வழக்கம் எளிதில் மாறவில்லை. 1952இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்ற வேண்டியிருந்தது. கோயிலின் பாயில் சமத்துவம் கேட்ட ஆட்சியினர், வயலின் சேற்றில் அதனைக் கேட்கப் பத்தாண்டு தாமதித்தனர். அடிமையின் தீமையை அறியாத காலம் என்று அவர்க்காக வாதாட முடியாது; அறிந்து சட்டமியற்றிய பின், நம் நாட்டுக்கு மட்டும் விலக்களித்தனர்.

காலத்தைக் காட்டி விலகிக்கொள்ளும் வழக்கம் சமீபகாலம் வரை நீளுதல் பேராபத்து. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அக்காலத்துத் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி நெல் உயர்வு கேட்டெழுந்த பிணக்கின் முடிவில், ஒரு குடிசையினுள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. அக்காலத்துப் பண்ணை வழக்கம் அத்தகையது என்று சொல்லுவார் இன்றும் உளர். 1950 முதல் தீண்டாமை அரசியல் சாசனத்தால் ஒழிக்கப்பட்ட நாட்டில் அது நிகழ்ந்தது. அந்தக் காலத்தின் சட்டமே அதனைக் குற்றமென்றது. அந்தக் காலத்தின் மனச்சாட்சியும் குற்றமென்றது. ஆகையால், அங்கே ‘காலம்’ என்பது சரித்திர விளக்கமன்று, வெறும் மறைப்பு.

இவ்வாறெல்லாம் ஆராயப் புகுந்தால் எவரையும் போற்ற முடியாதே என்று சிலர் வருந்தக்கூடும். ‘நாளை நம் பேரப்பிள்ளைகள் நம்மையும் இங்ஙனமே அளப்பரே’ என்றும் சொல்லக்கூடும். இரண்டாவது சொல்லப்பட்டது முற்றும் உண்மை; அதுவே நம்மை எச்சரிக்க வேண்டியதும் ஆகும். இன்று நம் வாய்க்கால்களில் நாம் விடும் கழிவையும், ஆற்றிலிருந்து நாம் வாரும் மணலையும், கழிவுநீர்த் தொட்டியுள் மனிதனை இறக்கி அவன் உயிர் போவதையும் நாம் அறியாமற் செய்கின்றோமா? செய்தித்தாளில் நாள்தோறும் படித்துக்கொண்டே செய்கின்றோம். ‘அக்காலத்தார் அறியார்’ என்று நம் பேரர் நமக்காக வாதாடினால், அவர் பொய்ச்சாட்சி சொல்லுபவர் ஆவர். எதிர்காலத்தார் நம்மை அளக்கும் உரிமையை நாம் மறுக்க முடியாதாயின், சென்ற காலத்தை நாம் அளத்தலும் அகந்தையன்று. அகந்தை, அளப்பதில் இல்லை. அளவையை மாற்றுவதில் இருக்கின்றது.

முதலாவது அச்சத்திற்கு விடை இது. ஒருவரை அறிந்து மதித்தல் வேறு. அவரைக் குற்றமற்றவராக்கி வணங்குதல் வேறு. இராஜராஜனை அறிந்து மதிப்பவனுக்கு, 400 பெண்களின் பெயரையும் வீட்டையும் மறவாது வெட்டச் செய்த ஒழுங்கும், விகாரத்துக்கு ஊர் ஈந்த பெருமையும், ஈழத்து எரியும், சேரியின் தனிச் சுடுகாடும் ஆகிய அனைத்தும் ஒரு மனிதனைச் சுற்றி நின்று தோன்றும். அங்ஙனம் தோன்றுபவன் சிலையினும் பெரியவன். ஏனெனில் அவன் உண்மையானவன். மேலும், இராஜராஜன் ஆண்டது பதினோராம் நூற்றாண்டின் செயல்; அவனுக்குச் சிலை நாட்டுவதும் விழா எடுப்பதும் நம் நூற்றாண்டின் செயல். முன்னதற்குக் காலத்தின் சலுகை உண்டு. பின்னதற்கு இல்லை. எதனைச் சொல்லிப் போற்றுகின்றோம், எதனைச் சொல்லாது விடுகின்றோம் என்பதற்கு அவன் பொறுப்பாளி அல்லன், நாமே பொறுப்பாளிகள்.

ஆதலின், பெரியோர் ஒருவரைப்பற்றிப் பேசவோ எழுதவோ புகும் மாணவர், தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் மூன்று உண்டு. அவர் காலத்தில் அவர்க்கு வேறு வழி இருந்ததா என்பது முதலாவது. அச்செயலைத் தவறென்று சொன்னவர் அக்காலத்திலேயே இருந்தாரா, பாதிக்கப்பட்டோர் என்ன எண்ணினர் என்பதை அறிய ஏதேனும் சான்று உண்டா என்பது இரண்டாவது. அவருடைய புகழை அளந்த மரக்காலாலேயே பழியையும் அளந்தோமா என்பது மூன்றாவது. மூன்றாவதே தலையாயது. அஃது ஒன்றைத் தவறாது கேட்டால் ஏனைய இரண்டும் தாமே பின்தொடரும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் விஷயமன்று. நம் வகுப்பறையின் ஒரே பெஞ்சில், அக்கிரகாரத்தில் வளர்ந்தவரும், பண்ணை வீட்டில் வளர்ந்தவரும், சேரியிலிருந்து தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவரும் அருகருகே இருந்து சோழர் சரித்திரம் படிக்கின்றனர். ‘நம் முன்னோரின் பொற்காலம்’ என்று ஆசிரியர் சொல்லுங்கால், அந்த ‘நம்’ என்னும் சொல் யாவரையும் தழுவுகின்றதா, இல்லையா? காலத்தின் பெயரால் சிலருடைய துயரைத் தள்ளிவிட்டுச் சொன்னால், அச்சொல்லினின்று ஒருவர் மௌனமாக எழுந்து வெளியே சென்றுவிடுகின்றார். உடல் மட்டும் பெஞ்சில் இருக்கும். முழுவதையும் சொன்னால், கோயிலை எடுப்பித்தவனோடு கல்லைச் சுமந்தவனும், நெல்லை அளந்தவனோடு நெல்லை விளைவித்தவனும் அச்சரித்திரத்துள் வருவர். அப்பொழுது ‘நம்’ என்பது மெய்யாகும்.

காவிரி ஒரு கரைக்கு மட்டும் நீர் பாய்ச்சுவதில்லை. அந்நீரால் விளைந்த நெல்லை அளக்க ஆடவல்லான் பெயரால் ஒரே மரக்கால் வைத்த நாட்டில், அந்நாட்டின் கதையை அளக்கவும் ஒரே மரக்கால் போதும்.